பின்கதவு இங்கிலாந்தில் கிடைக்காது

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வீட்டு வாசலில் வைத்தே முழுக்கப் பிரித்துவிடலாம். லிஃப்ட் வேண்டாம், கேஸ் கட்டர் வேண்டாம். அரை இஞ்ச் ஸ்பேனர், 7/16 இஞ்ச் ஸ்பேனர், இரண்டு ஜாக்கி, பேனட்டைத் தூக்கும்போது மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள். இவ்வளவு இருந்தால் போதும். சேசிஸ் தனி, பாடி தனி. பாடியும் ஒரே வார்ப்பு அல்ல; துண்டு துண்டாக நட்டு போல்ட்டில் கோத்தது. பேனட் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்ததும் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். இத்தனை வசதியாக இன்ஜினைக் காட்டிக்கொடுத்த வேறு காரை நான் பார்த்ததில்லை.

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு வியாபார நெருக்கடி இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. புது மாடலுக்கு முழு பாடி அடித்துக் கொடுக்க ஆளில்லை. அதனால் சின்னச் சின்னத் தகடுகளாகப் பல இடங்களில் அடித்து, பழைய முறைப்படி தனிச் சேசிஸின் மேல் பூட்டும்படி காரை யோசிக்க வேண்டியிருந்தது. இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959-இல் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட் பிறந்தது. 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் அதே கார் வெளிவரத் தொடங்கியது. 948 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். அறுபதுகளின் இறுதியில் இந்தியர்களின் பெரிய குடும்பங்களுக்காக அதில் இன்னும் இரண்டு கதவுகளை வைத்தார்கள். அதுதான் மார்க் த்ரீ. நான்கு கதவு ஹெரால்ட் உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை. இந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு வேலை பெரும்பாலும் அந்தக் கதவைச் சுற்றித்தான் நடந்தது.

அப்பாவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் சின்ன லேத் பட்டறை. பம்ப் செட்டுகளுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர் கடைந்து கொடுப்பார். 1970 மாடல் மார்க் த்ரீ ஒன்றை ஒரு டாக்டரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிக்கிடந்த காலம் அது. கார் வைத்திருந்தவர்களே விற்றுக்கொண்டிருந்தார்கள். வண்டி எங்கள் வாசலுக்கு வந்த சில வருஷங்களில், எழுபதுகளின் பிற்பகுதியில், வண்டலூரில் ஹெரால்ட் குடும்பத்தின் கடைசி வாரிசான கேஸலும் நின்றுபோனது.

அதற்குப் பின் வந்ததுதான் எங்கள் வாசலில் நான் வளர்ந்த காலம். வாரம் ஒருமுறை வந்துபோகும் மேஸ்திரி, அப்பாவிடம் ஒருநாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏனுங்க, இனி இந்த வண்டிக்குச் சாமான் கம்பெனியிலிருந்து வராதுங்க. ஆனா உங்ககிட்ட லேத் இருக்குது. என்கிட்ட கை இருக்குது. நாமளே பண்ணிக்கோணுமுங்க."

பண்ணிக்கொண்டார்கள். தண்ணீர்ப் பம்ப்பின் சீல் போனபோது, கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் மோனோபிளாக் பம்ப் செட்டின் கார்பன் சீலை எடுத்து, அதற்கேற்ப ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் அப்பா கடைந்து பொருத்தினார். சமவெளியிலேயே கார்களுக்குத் தண்ணீர் கொதிக்கும் எங்கள் ஊர் வெயிலில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறும்போது ரேடியேட்டர் பொங்காமல் இருக்க, உள்ளூர்க் கடையில் ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக வைத்துக் கோர் கட்டினார்கள். கேஸ்கெட் எல்லாம் கார்க் ஷீட்டை வாங்கி, இன்ஜின் பிளாக்கின் மேல் வைத்து, பால் பீன் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே வெட்டியவை. சீட்டின் ஸ்பாஞ்ச் உதிர்ந்தபோது தேங்காய் நார் அடைத்து ரெக்சின் தைத்தார்கள். பின்பக்கச் சிவப்பு விளக்கு உடைந்த பிறகு வந்த விளக்கு எந்த வண்டியுடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்படி அப்பா பார்த்துக்கொண்டார். அலங்காரமும் நடந்தது: கோயம்புத்தூரிலேயே தயாரான ரூட்ஸ் ஹாரன், ஸ்டியரிங்குக்குப் பின்னல் உறை, அப்பா தன் கையால் அலுமினியத்தில் கடைந்த கியர் நாப்.

வால்வு அரைப்பது என் வேலை. ஹெட்டைக் கழற்றி வாசல் திண்ணையில் வைப்பார்கள். கரி சுரண்டிய பிறகு, ரப்பர் கப் வைத்த மரக்கட்டையை வால்வின் தலையில் ஒட்டி, முதலில் கரகரப்பான பேஸ்ட், பிறகு மென்மையான பேஸ்ட் தடவி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே கட்டையை உருட்ட வேண்டும். சீட்டிங்கில் ஒரே சீராகச் சாம்பல் நிற வளையம் விழும்வரை விடக்கூடாது. மேஸ்திரி அந்த வளையத்தைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். வால்வைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, குழியில் பெட்ரோல் ஊற்றிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது பெட்ரோல் கசிந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து அரைக்க வேண்டும். துல்லியம் என்றால் என்ன என்பதை எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை. அந்தக் குழியில் நின்ற பெட்ரோல்தான் சொல்லித்தந்தது.

ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக் கம்பியின் அடிப்பகுதியில் மரை இருக்கும். அந்த மரை ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மரையின் இடுக்குக்குள் போகாமல் மேலேயே இறுகிவிடும். உள்ளே வறண்டு, துரு ஏறி, ஒருநாள் கம்பி முறியும். ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் கன்னை வைத்து அடித்து அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து அவினாசி ரோட்டில், நல்லவேளையாக வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, இடது முன் சக்கரம் மடங்கி வண்டி ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. அம்மா பின்சீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்கும் அப்பா கன்மெட்டல் வார்ப்பு எடுத்து, உள்மரை வெட்டி, புதிதாக ட்ரனியன் செய்தார். பேனட்டின் உள்பக்கத்தில் பெயின்ட் பிரஷ்ஷால் எழுதியும் வைத்தார்: 'கிரீஸ் கூடாது, ஆயில் மட்டும்.'

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பத்து வருஷத்தில் தெருவின் சத்தமே மாறிவிட்டது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஹெரால்டுகள் எடைக்குப் போயின. இஞ்ச் அளவு ஸ்பேனர்களும் அவற்றோடு போயின. எங்கள் வண்டி மட்டும் மாட்டுத்தொழுவமாக இருந்த ஷெட்டுக்குள் போனது. அப்பா அதை விற்கவில்லை. ஓட்டவும் முடியவில்லை. அவர் காலமான பிறகும் அது அங்கேயே இருந்தது.

அதை மறுபடியும் வாசலுக்கு இழுத்தவன் என் அக்கா மகன், எனக்கு மாப்பிள்ளை. ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மிஷின் பிரிவில் இருக்கிறான். அமெரிக்க மசில் கார்களை வீட்டு கராஜில் பிரித்து மாட்டும் வீடியோக்களைப் பார்த்தே வளர்ந்தவன். 1964 மாடல் பாண்டியாக் ஜிடிஓவின் 6.4 லிட்டர் வி-எய்ட் இன்ஜின் 325 குதிரைத்திறன் என்பான். அதே வருஷம் ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் அறிமுகமானது என்பான். அந்த ஊரில் பழைய மஸ்டாங்குக்குத் தரைத்தகடு, கதவு, ஏன், முழு பாடியையுமே புதிதாக அடித்து விற்கிறார்கள். நம்பர் பிளேட்டைத் தவிர மற்றதெல்லாம் கடையில் வாங்கி ஒரு 1967 மஸ்டாங்கைக் கட்டிவிட முடியும்.

"நம்ம வண்டியையும் அப்படியே ஒரிஜினலாக் கொண்டு வந்தர்லாங்க மாமா" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை என்று சீக்கிரமே தெரிந்தது. அப்பா காலத்தில், வண்டலூரில் செய்த காருக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்களுக்கு ஒரு கிளட்ச் சிலிண்டர் கிட் கிடைக்கவில்லை. இன்று இங்கிலாந்திலிருந்து கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிறது. அங்கே ட்ரையம்ஃப் கார்களுக்கென்றே கிளப்புகளும் ஸ்பேர் கடைகளும் இருக்கின்றன. ட்ரனியன், புஷ், பிரேக் சிலிண்டர், கண்ணாடி ரப்பர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் பட்டியல் எண்ணோடு கிடைக்கும். மாப்பிள்ளை இரவில் ஆர்டர் போடுவான்; பெட்டி வரும்; பிரித்துப் பார்த்து நான் அதிசயிப்பேன். காசு அன்றைக்கு இல்லை, இன்றைக்கு ஏதோ இருக்கிறது. சாமானும் இருக்கிறது. இல்லாமல் போனது கை.

அன்றைக்கு எங்கள் தெருவுக்கே இரண்டு பேர் வால்வு அரைப்பார்கள். இன்றைக்கு கான்டாக்ட் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 15 தவ் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. வந்த இளைஞன் நல்ல பையன்தான், புத்திசாலிதான். ஆனால் அவன் பெட்டியில் இருந்தது எம்எம் ஸ்பேனர். அரை இஞ்ச் என்பது 12.7 எம்எம். பதின்மூன்று எம்எம் ஸ்பேனர் அதில் மாட்டும்; 0.3 எம்எம் ஆட்டத்தில் நட்டின் மூலையை மழுக்கியும் விடும். துருப்பிடித்த நட்டு என்றால் இன்னும் மோசம். மாப்பிள்ளை வேலையை நிறுத்திவிட்டு முதலில் இஞ்ச் செட் ஒன்று வாங்கினான். அது சரியான வரிசை. கருவி இல்லாமல் பழைய வண்டியில் கை வைக்கவே கூடாது.

பிரித்துக்கொண்டே போனபோது எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்தது. அவனுக்கு வண்டலூரிலிருந்து 1970-இல் வெளியே வந்த கார் வேண்டும். எனக்கு எங்கள் வீட்டில் இருந்த கார் வேண்டும். ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்துப் பேசினோம். அதில் கிடைத்த தெளிவை வேறெந்த வேலையிலும் நான் அடைந்ததில்லை.

ஒயரிங்கில் அவனும் நானும் உடனே ஒத்துப்போனோம். துணி சுற்றிய பழைய ஒயர் உதிர்ந்துகொண்டிருந்தது. விளக்கு சர்க்யூட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஒரிஜினல் அதுதான் என்பதற்காகத் தீப்பிடிக்கும் சாத்தியத்தை யாரும் பாதுகாக்க வேண்டியதில்லை. ஃபியூஸ் பாக்ஸ் வைத்தோம், ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தோம், சீட் பெல்ட் வைத்தோம். பெட்ரோல் விஷயத்தில் காலமே முடிவு செய்துவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் தேயாமல் காத்துவந்தது. ஆகவே நான் சிறுவயதில் அரைத்த எக்ஸாஸ்ட் சீட்டுகளைக் கடைந்தெடுத்துவிட்டு, கடினப்படுத்திய எஃகு வளையங்களை இறக்கினோம். இப்போது பங்கில் கிடைப்பதோ இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பரை உப்பவைத்துக் கரைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துரு சேர்க்கும். பெட்ரோல் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் வைட்டான் வகைக்கு மாற்றினோம். பம்ப் டயாஃப்ரமையும் மாற்றினோம். பழைய கார் வைத்திருக்கிற யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கசிவது பெட்ரோல், பக்கத்தில் இருப்பது சூடான எக்ஸாஸ்ட்.

தண்ணீர்ப் பம்ப்பில்தான் முதல் சண்டை. இங்கிலாந்திலிருந்து புதுப் பம்ப் வந்திருந்தது, நல்ல பொருள். ஆனால் அப்பாவின் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தால் ஷாஃப்டில் தேய்மானமே இல்லை. சீல் மட்டும் காய்ந்திருந்தது. அந்த சீல் இன்றைக்கும் கோயம்புத்தூரில் எந்தப் பம்ப் கடையிலும் கைக்காசுக்குக் கிடைக்கிறது. வழியில் போனால், பல்லடத்திலோ பொள்ளாச்சியிலோ வாங்கி மாட்டிக்கொண்டு போகலாம். லண்டனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பாவின் பம்ப்பே திரும்ப ஏறியது. புதுப் பம்ப் அலமாரியில் இருக்கிறது.

ட்ரனியனில் என் பாசத்தை நானே ஒதுக்கி வைத்தேன். சக்கரம் மடங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். அப்பா செய்தது என்பதற்காக அதை நம்பி யாரையும் ஏற்றமாட்டேன். மாப்பிள்ளை தன் தொழிற்சாலையில் அனுமதி வாங்கி, வெடிப்பு பார்க்கும் சிவப்புச் சாயச் சோதனை செய்தான். சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் சிவப்பாகக் கசிந்து காட்டும். அப்பாவின் கன்மெட்டல் கட்டை இரண்டிலும் ஒரு கோடுகூட வரவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்டிருந்த வலது பக்க நெட்டுக் கம்பியின் மரை அடியில்தான் சிவப்பு தெரிந்தது. கம்பிகளை இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினோம். மரையின் தேய்மானம் புதுக் கம்பியோடு பொருந்தாது என்பதால் ட்ரனியனையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அது பொறியியல், அதில் வாதம் இல்லை. ஆனால் அன்று சோதனை மேஜையில் அந்த இரண்டு கட்டைகளும் சுத்தமாக நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இஞ்சினியரிங் படித்த மாப்பிள்ளை, பள்ளிப்படிப்பைத் தாண்டாத தன் தாத்தாவின் மரையைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் 'ஒரிஜினல்' என்று சொல்லும் தொனி மாறிவிட்டது.

இனி அந்தக் கதவு. இடது பின்கதவின் கீழ்ப்பகுதி முழுக்க அரித்துப் போயிருந்தது. ஹெரால்டில் மழைநீர் உள்ளே வரும். போல்ட்டில் சேர்த்த வண்டியில் இணைப்பு அதிகம், இணைப்பு இருக்குமிடத்தில் கசிவும் உண்டு. கதவுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே போகும் துளை தூசியில் அடைபட்டு, தகடு உள்ளிருந்தே இற்றுவிட்டது. பின்கதவு இங்கிலாந்தில் இல்லவே இல்லை. அங்கே யாரும் அதைச் செய்ததில்லை. உலகத்துச் சாமான் எல்லாம் ஒரு பொத்தானில் வந்து இறங்கும் இந்தக் காலத்தில், எங்கள் ஊர்க்காரர்களுக்காக எங்கள் மாநிலத்திலேயே செய்த ஒரே பாகம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை நன்றாக இருந்த வலது பின்கதவை ஸ்கேனர் வைத்துப் படமெடுத்தான். கம்ப்யூட்டரில் கண்ணாடிப் பிம்பம்போலப் புரட்டி, இடது கதவுக்கு பிளைவுட்டில் அச்சு வெட்டினான். அழகான வேலை. அதை எடுத்துக்கொண்டு அப்பா காலத்தில் எங்கள் வண்டிக்கு டிங்கரிங் செய்த பாயைத் தேடிப் போனோம். வயது எண்பதை நெருங்குகிறது, கண் மங்கிவிட்டது. பட்டறையைப் பத்து வருஷம் முன்பே மூடிவிட்டார். மகன்கள் யாரும் அந்தத் தொழிலில் இல்லை. ஒடுக்கு விழுந்தால் தட்டி எடுக்கும் காலம் போய், கதவையே மாற்றி இன்ஷூரன்ஸில் எழுதும் காலம் வந்த பிறகு அவர்கள் இருந்து என்ன செய்வார்கள்?

"நான் அடிக்க முடியாது தம்பி. அடிக்கத் தெரிஞ்ச ஒரு பையனைக் கூட்டிட்டு வாங்க, நான் உக்காந்து சொல்றேன்" என்றார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருபது கேஜ் சிஆர் ஷீட், மணல் மூட்டை, மரச்சுத்தி, தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் டாலி. பையன் தட்டத் தட்ட, பாய் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். "இப்ப தகடு நீளுது, நிறுத்து" என்பார். தட்டிய தகட்டின் மேல் மல்துணியைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை மெல்ல இழுப்பார். வெறுங்கையில் தெரியாத மேடு பள்ளம் துணிக்கு மேல் தெரியும் என்றார். நானும் இழுத்துப் பார்த்தேன். தெரிந்தது.

தகடு உருவானதும் மாப்பிள்ளையின் அச்சை வைத்துப் பார்த்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது. கதவைக் கொண்டுபோய் வண்டியில் மாட்டினால் பின் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அளவை மறுபடி சரிபார்த்தான், தவறே இல்லை. பாய் எழுந்து வந்து வண்டியின் இரண்டு பக்கத்தையும் கையால் தடவிவிட்டுச் சிரித்தார். வண்டலூரிலிருந்து வந்தபோதே எங்கள் வண்டியின் இடதும் வலதும் ஒன்றாக இல்லை. அங்கிருந்த யாரோ ஒரு டிங்கர், இந்தக் கதவை இந்த பாடிக்கென்று தட்டிப் பொருத்தி அனுப்பியிருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த முகம் தெரியாத மனிதர் செய்ததையேதான் நாங்களும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. வண்டியிலேயே கதவை மாட்டி, கழற்றி, தட்டி, மாட்டி, இடைவெளி ஒரே சீராகும்வரை. மாப்பிள்ளை தேடிய ஒரிஜினல் கடைசியில் அங்கேதான் அவனுக்குக் கிடைத்தது: அது ஒரு வரைபடத்தில் இல்லை, ஒருவர் கையில் இருந்தது.

பெயின்ட்டை உரசியபோது அடர்நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே டாக்டர் காலத்து வெள்ளை. வெள்ளைதான் பிறந்த நிறம். அவன் வெள்ளை கேட்டான், நான் விட்டுக்கொடுத்தேன். அதற்குப் பதிலாகக் கியர் நாப்பையும், பின் விளக்குகளையும், பேனட்டுக்குள் இருந்த அப்பாவின் எழுத்தையும் அவன் விட்டுக்கொடுத்தான். எழுத்தின் மேல் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் சுற்றிலும் பெயின்ட் அடித்தார்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்ஜினை மாற்றுவது, சேசிஸை வெட்டி நீட்டுவது போன்ற கனவுகள் இந்த ஊரில் பதிவு அலுவலக வாசலிலேயே நின்றுவிடும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்து, எண்ணில் 'விஏ' எழுத்துகள் பெறலாம். கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான்.

பாதுகாப்புக்காக வைத்த கட்டுப்பாடுகளை நான் மதிக்கிறேன். ஆனால் மூல வடிவம் என்பதை மட்டுமே மரபு என்று கொள்வது நம் நாட்டுக்குப் பொருந்தாது. சாமான் கிடைக்காத முப்பது நாற்பது வருஷம் இந்த வண்டிகளை ஓடவைத்தவை உள்ளூர்ப் பட்டறைகளின் மாற்றங்கள்தான். ஒரு மாற்றமும் செய்யப்படாத ஹெரால்ட் என்றால், பெரும்பாலும் அது ஓடாமல் நின்ற ஹெரால்ட். ஓடியதற்குத் தண்டனையும் நின்றதற்குப் பட்டமும் கொடுப்பது நியாயமில்லை. அந்தக் காலத்திலேயே செய்த, பத்திரமான, உள்ளூர் மாற்றங்களைச் சான்றோடு ஏற்கும் ஒரு வரி அந்த விதியில் சேர்க்கப்பட வேண்டும். அவினாசி ரோட்டில் 2015-இல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்குப் போகும்போதெல்லாம், பளபளக்கும் வண்டிகளைப் பார்த்து மகிழ்வேன். அதோடு, நார் அடைத்த சீட்டோடும் பம்ப் செட் சீலோடும் ஒரு வண்டி அப்படியே நிற்கும் காட்சிசாலை ஒன்றும் நம் ஊருக்கு வேண்டும் என்று நினைப்பேன். கோயம்புத்தூரின் தொழில் வரலாறு அந்த வண்டிக்குள்தான் முழுதாக இருக்கும்.

வண்டி இப்போது ஓடுகிறது. குன்னூர் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய கார்கள் பின்வாங்கித் திரும்பும் இடத்தில், சுமார் ஏழரை மீட்டர் வட்டத்தில் சுற்றிவிடும் ஹெரால்ட் ஒரே வெட்டில் திரும்புகிறது. ரேடியேட்டர் பொங்கவில்லை. அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, புதுக் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு வந்தார்.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் டிங்கரோ, கார்புரேட்டர் மெக்கானிக்கோ இருந்தால், உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது அவரிடம் போங்கள். போகும்போது ஒரு பையனையும் கூட்டிப்போங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், கூலியும் மரியாதையாகக் கொடுங்கள். எங்கள் பாய் சொன்னதையெல்லாம் மாப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதி, தகடு தட்டும்போது எடுத்த வீடியோவோடு சேர்த்து வைத்திருக்கிறான். கேட்பவர்களுக்குக் கொடுப்போம். இரண்டாவது: உங்கள் தோட்டத்து ஷெட்டிலோ கோழிக்கூண்டின் கூரையிலோ மார்க் த்ரீ ஹெரால்டின் பின்கதவு ஒன்று கிடந்தால், எந்த நிலையில் இருந்தாலும் சரி, அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது யாரோ ஒருவருக்குத் தேவைப்படும், வேறெங்கும் கிடைக்காது.